மருந்து போதையானால்...



"நம் பிள்ளை மதுவைத் தொடுவதில்லை" என்று நிம்மதியாயிருக்கும் இல்லங்களிலும் போதை நுழைகிறது. டிரமடால், டேபென்டடால் என்பவை அபினைப் போல் வேலை செய்யும்படி செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட வலி மாத்திரைகள். தமிழகத்தில் வாலிபர் சிலர் இத்தகைய மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்கின்றனர். டிரமடாலை 2018-ஆம் ஆண்டிலேயே அரசு போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்துவிட்டது.

"இது மதுவன்று, மருந்துதானே" என்பது நஃப்ஸு சொல்லும் சாக்கு. மார்க்கம் பெயரைப் பார்த்துத் தீர்ப்பளிப்பதில்லை. நோயாளிக்கு மருத்துவர் சொன்ன அளவில் ஆகுமானதே, போதைக்காக உண்பவனுக்கு ஹராமாகிறது.

அளவு மிஞ்சினால் மூச்சு மெல்ல அடங்கிவிடும். மகன் குறட்டைவிட்டு உறங்குவதாகத் தாய் எண்ணுவாள். உதடு நீலம்பாய்ந்து, எழுப்பியும் எழாவிட்டால் அது உறக்கமன்று! உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். என்ன உட்கொண்டான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மூச்சை மீட்க நலாக்சோன் என்னும் மாற்றுமருந்து உண்டு.

குடும்ப மானத்துக்கு அஞ்சி நோயை மறைக்காதீர்கள். உயிர் அல்லாஹ்வின் அமானிதம். பிள்ளையை ஏசி விரட்டாமல் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். தௌபாவின் வாசல் திறந்தே இருக்கிறது. அதில் நுழைய அவன் உயிரோடு இருக்கவேண்டுமே!

அல்லாஹ் நம் சந்ததிகளைக் காத்தருள்வானாக! ஆமீன்.