களையும் பூவும்

1888 மே மாதம். பிரான்சின் தெற்கே, ஆர்ல் ஊருக்கு வெளியே ஒரு வயலோரம் வான்கோ படம் வரைந்தார். முன்னால் வாய்க்காலோரம் ஊதா ஐரிஸ் பூக்கள், அதற்கப்பால் மஞ்சள் பூ மண்டிய புல்வெளி, தூரத்தில் ஊர். புல்லை அறுக்காமல் விட்டார்களானால் இதை இன்னொரு தரம் வரைய ஆசை என்று தம்பி தியோவுக்கு எழுதினார்.

அந்த ஆசையில்தான் என் கேள்வி. அறுக்காமல் விட்டால் படம் கிடைக்கும். மாட்டுக்குத் தீனி? அறுக்கிறவனுக்குக் கூலி?

வான்கோவைக் கூண்டிலேற்ற நான் வரவில்லை. உருளைக்கிழங்கு தின்னும் குடியானவர்களை, மண்ணைக் கிண்டிய அதே கைகளோடு 1885இல் வரைந்தவர் அவர். மோனே கதை வேறு. 1873இல் பாரீசுக்குப் பக்கத்தில் அவர் வரைந்த பாப்பி வயலில் குடையோடு ஒரு சீமாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உலாத்துகிறாள். வேலை செய்கிற ஆள் ஒருத்தருமில்லை. இத்தனைக்கும் பாப்பி, கோதுமை வெள்ளாமையில் முளைக்கிற களை.

நம்ம பக்கம் சோளக்கொல்லையில் சுடுமல்லி பூக்கும். வெள்ளையாய்ச் சின்னப் பூ. சோளத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு சத்தை உறிஞ்சிவிடும். "பூவப் பாரு, மூக்குத்தியாட்டம்" என்று சொல்லிக்கொண்டே என் ஆயா அதைப் பிடுங்குவாள். கை நிற்காது. நிமிர்ந்தால் வரப்பிலிருந்து ஆண்டையின் சத்தம் வரும். அழகு தெரியாமலா பிடுங்கினாள்?

நெய்தல் என்றால் திணை, இரங்கல் என்று நாங்கள் எம்.ஏ.யில் மனப்பாடம் செய்தோம். புறநானூறு 61ஆம் பாட்டிலோ தழையுடுத்த கடைசியர் வயலில் இறங்கி நெய்தலையும் ஆம்பலையும் களையாகப் பறிக்கிறார்கள். வகுப்பில் சோழன் பெருமைதான் பேசப்பட்டது. கடைசியருக்கு அருஞ்சொற்பொருள் ஒரு வரி. அந்தப் புலவர் பூவையும் பார்த்தார், பறிக்கிற பெண்களையும் பார்த்தார். பறிக்கிறவள் என்ன பார்த்தாள் என்பது மட்டும் பாட்டில் இல்லை.

பூ வரைவது வயிறு நிறைஞ்சவன் வேலை என்று தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். ஒப்பமாட்டேன். அப்படிச் சொன்னால் அழகையும் ஆண்டை பேருக்கே பட்டா போட்டுக் கொடுத்ததாகிவிடும். பூவைப் பார்த்து நிற்கிற நேரம் யாருக்கு இருக்கிறது, அது யார் உழைப்பில் வந்தது? வழக்கு அங்கேதான். வரைகிறவனுக்கு ஒரு முழுப் பகல் கிடைக்கிறது. களை பறிக்கிறவளுக்கு இடுப்பை நிமிர்த்தும் நேரம்கூடக் கிடையாது.

வரப்பு யாருடையது என்றும் கேட்க வேண்டும். வெளியூர் ஓவியர் முக்காலி போட்டு உட்கார்ந்தால் மோர் வரும். சேரிப் பெண் ஒருத்தி வண்ணப்பெட்டியோடு அதே வரப்பில் உட்காரட்டும், பார்ப்போம். "யாரு வூட்டுப் புள்ள நீ? வேலைக்கு வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா?" என்பார்கள். அவள் வரைந்தால் சுடுமல்லி என்ன அளவில் வரும், அதைப் பிடுங்குகிற விரல் என்ன அளவில் வரும்? அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு ஆசை.