முதலில் சாப்பிடுபவள்

மடகாஸ்கர் தீவின் தலைநகரான அன்டனனரிவோவில் ட்சிம்பசாசா என்றொரு பூங்கா இருக்கிறது. பாதி விலங்குக் காட்சிசாலை, பாதி தாவரவியல் தோட்டம். 1925இல் பிரெஞ்சு ஆட்சியின்போது அமைந்தது. அதற்கு முன்னால் மெரினா அரச குலத்தின் சடங்குகள் நடந்த இடம். ‘குழந்தைகளுக்கானதல்ல’ என்பதுதான் மலகாசி மொழியில் அந்தப் பெயருக்குப் பொருள் என்கிறார்கள். இப்போது எல்லோரும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டுதான் அங்கே வருகிறார்கள்.

நான் அதிக நேரம் நின்றது வளையவால் லெமூர்களின் கூண்டுக்கு முன்னால். பழத்துண்டுகள் வந்து விழுந்ததும் ஓர் ஆண் கையை நீட்டியது. பக்கத்திலிருந்த பெண் அதன் முகத்தில் ஓர் அறை விட்டது. ஆண் கீச்சென்று கத்திவிட்டு விலகி உட்கார்ந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன்தான். பெண் நிதானமாகத் தின்று முடித்து நகரும்வரை அது காத்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு திருப்தியும். என் அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, குழம்புச் சட்டியின் அடியில் மிஞ்சியதை வழித்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டுத்தான் நான் பார்த்திருக்கிறேன். இதோ, இங்கே ஒருத்தி முதலில் சாப்பிடுகிறாள்! ஊர் திரும்பிய பிறகு அந்தத் திருப்தியே என்னை உறுத்த ஆரம்பித்தது. ஒரு விலங்கை என் கட்சிக்குச் சாட்சியாகக் கூப்பிடுவது நியாயமா?

நான் கண்டது அந்தக் கூண்டுக்குள் மட்டும் நடப்பதல்ல. 1960களில் ஆலிசன் ஜாலி என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர் மடகாஸ்கரின் தெற்கே பெரெண்டியில், சைசல் கற்றாழைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருந்த ஒரு சிறு காட்டில் லெமூர்களைக் கவனித்தார். அந்தக் காலத்தில் குரங்கினங்களின் சமூகம் என்றால் பபூன்தான் நினைவுக்கு வரும். நடுவில் பெரிய கோரைப்பல்லோடு ஓர் ஆண், அதற்கு அடங்கிய பெண்கள். மனிதனின் ஆதி வாழ்க்கையும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அதிலிருந்து கதை சொன்னார்கள். 1966இல் வந்த ஜாலியின் நூல், பெண்களுக்கு ஆண்கள் அடங்கிப்போகும் ஒரு சமூகத்தைக் காட்டியது.

அதன் பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். பபூன் ஆணின் ஆதிக்கத்துக்குப் பெரிதாக யாரும் காரணம் தேடவில்லை, அது ‘இயல்பு’. லெமூர்ப் பெண்ணின் ஆதிக்கமோ ‘புதிர்’. 1984இல் பெண் ஆய்வாளர்களின் தொகுப்பு ஒன்றில் இதைப் பற்றி எழுதிய ஜாலியே ‘புதிர்’ என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினார். வறண்ட பருவத்தில் கர்ப்பத்தையும் பாலூட்டலையும் தாங்க வேண்டியிருப்பதால் பெண்ணுக்கு உணவில் முன்னுரிமை தேவைப்படுகிறது என்பது ஒரு விளக்கம். ஆண் தோற்கவில்லை, தன் வாரிசின் நன்மைக்காக விட்டுக்கொடுக்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவது விளக்கத்தை எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதல்லவா? குரல் உயர்த்திப் பேசும் பெண்ணைப் பார்த்து, ‘அவர் இடம் கொடுக்கிறார், இவள் ஆடுகிறாள்’ என்று சொல்வார்களே, அதேதான்.

‘பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா’ என்று கேட்டவர்கள் கோழியைத்தான் சாட்சிக்கு இழுத்தார்கள். ஆணின் தலைமை எங்கும் உள்ள இயற்கை நியதி என்று ஒருவர் சொன்னால், அந்த ‘எங்கும்’ என்ற சொல்லை உடைக்க ஒரு லெமூர் போதும். இந்த அளவுக்கு அதன் சாட்சியம் செல்லும்.

ஆனால் ஒரு பொய்யை உடைப்பது வேறு, ஓர் உரிமையை நிறுவுவது வேறு. லெமூரைக் காட்டி என் சமத்துவத்தை நான் கேட்டால், நாளை பபூனைக் காட்டி அதை மறுப்பவருக்கு என்ன பதில் சொல்வேன்? அதுமட்டுமல்ல, லெமூர்ப் பெண்கள் மற்ற லெமூர்ப் பெண்களையே துரத்தித் துரத்திக் கடித்துக் கூட்டத்தைவிட்டு விரட்டுவதுண்டு. சாட்சியை அழைத்தால் அது சொல்வது முழுவதையும் கேட்கத்தான் வேண்டும். எனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றால், தேர்ந்தெடுப்பது என் அறவுணர்வு, இயற்கை அல்ல. அப்படியானால் முதலிலேயே அந்த அறவுணர்வின் பெயரால் பேசிவிடலாமே.

‘பெண்களின் அடிமைத்தனம்’ பற்றி 1869இல் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. ஒரே மரத்தின் பாதியை நீராவியிலும் மறுபாதியைப் பனியிலும் வைத்து வளர்த்துவிட்டு, அது தானாகவே இப்படி வளர்ந்தது என்று நம்புகிறவர்களைப் பற்றி அவர் சொல்கிறார். தோட்டக்காரரின் கை தெரியாதவரைதான் எதையும் இயல்பு என்று சொல்ல முடியும்.

கூண்டுக்கு முன்னால் நின்றபோது அந்தக் கையை நானும் மறந்துவிட்டேன். அந்தப் பெண் முதலில் சாப்பிட்டது உண்மை. எப்போது, என்ன, எவ்வளவு என்பதை முடிவுசெய்தது அது அல்ல. சாவியும் அதனிடம் இல்லை. ‘வீட்டில் அவங்க வச்சதுதான் சட்டம்’ என்று பெருமையாகச் சொல்லப்படும் எத்தனை பெண்களின் பெயரில் அந்த வீடு இருக்கிறது?

இதற்கும் அன்டனனரிவோவிலேயே உதாரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அங்கே அரியணையில் இருந்தவர்கள் அரசிகள். ஆனால் ரசோஹெரினா, இரண்டாம் ரனவலோனா, மூன்றாம் ரனவலோனா என்று கடைசி மூன்று அரசிகளையும் ஒருவர் பின் ஒருவராக மணந்துகொண்டவர் ஒரே மனிதர்: பிரதமர் ரைனிலயாரிவோனி. கிரீடம் மூன்று தலைகள் மாறியது. அதிகாரம் 30 ஆண்டுகளுக்கு மேல் அவர் கையில் இருந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1897இல் நாடுகடத்தப்பட்ட கடைசி அரசி, 1917இல் அல்ஜியர்ஸில் இறந்தார்.

அன்று நான் பட்ட சந்தோஷத்துக்காக வெட்கப்படவில்லை. அம்மாவின் தட்டு நினைவுக்கு வந்ததில் தவறில்லை. ஆனால் அம்மாவுக்காக நான் கேட்க வேண்டியது முதல் கவளம் அல்ல. எல்லோரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. அறைந்து வாங்கும் முன்னுரிமை அதில் கிடையாது. அதற்கு எந்த விலங்கின் சான்றிதழும் தேவையில்லை.

லெமூருக்கோ அதன் வழக்கு தனியே இருக்கிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, எஞ்சியிருக்கும் 107 லெமூர் இனங்களில் 103 அழிவின் ஆபத்தில் உள்ளன. காடு எரிகிறது, வெட்டப்படுகிறது. அந்தப் பெண் லெமூர் எனக்காகச் சாட்சி சொல்ல அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. அதன் காட்டைப் பற்றி யாராவது பேச வேண்டும். அதை நான் கூண்டுக்கு முன்னால் நின்றபோது யோசிக்கவில்லை. வீட்டில், அம்மாவின் எதிரே தட்டோடு உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது.