பல மரம் வெட்டிய தச்சன்

கே.ஜி. சுப்பிரமணியன் வளர்ந்த மாஹே இன்று எங்கள் புதுச்சேரி அரசின் கீழ் இருக்கிற ஊர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். பிறந்தது 1924-இல், கூத்துப்பறம்பில். அவர் சிறுவனாக இருந்த காலத்தில் மாஹேயிலும் பிரெஞ்சுக் கொடி, இங்கேயும் பிரெஞ்சுக் கொடி. இந்த உறவை வைத்தாவது நாங்கள் அவரைச் சொந்தம் கொண்டாடியிருக்கலாம். ஆனால் எங்கள் நெல்லித்தோப்பில் அந்தப் பெயரைச் சொன்னால், எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்றுதான் கேட்பார்கள்.

அவரை எப்படி அறிமுகப்படுத்துவது என்பதே சிக்கல். ஓவியர் என்றால் பாதிக்கு மேல் விட்டுப்போகும். லக்னோவில் ரவீந்திராலயம் என்ற அரங்கின் வெளிச்சுவரில், தாகூரின் நாடகம் ஒன்றை வைத்து 81 அடி நீளத்துக்குச் சுடுமண் புடைப்புச் சித்திரம் செய்தார். அது 1963. அதற்குச் சில வருடங்கள் முன்பு அனைத்திந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்தார். பரோடா நுண்கலைக் கல்லூரியின் கலைச் சந்தைக்காக மரம், மணி, தோல், நார் எல்லாம் சேர்த்துப் பொம்மைகள் செய்தார். குழந்தைகளுக்குக் கதை எழுதி, படமும் தானே போட்டார். கலை பற்றி அவர் எழுதிய கட்டுரை நூல்கள் இன்றும் பாடமாக இருக்கின்றன. பிற்காலத்தில் கண்ணாடியின் பின்பக்கம் வரைவதில் இறங்கினார். நம் பழைய வீடுகளில் மாட்டியிருக்கும் தஞ்சாவூர்க் கண்ணாடிக் கிருஷ்ணனின் முறைதான் அது. சாதாரண ஓவியத்தில் கடைசியாக வைக்கும் கண்மணியை இதில் முதலில் வைக்க வேண்டும். பிறகு முகம், அதற்கும் பிறகு பின்னணி. திருத்த வழியில்லை. ஐம்பது வயது தாண்டிய, பேர் வாங்கிய ஒருவர் வரையும் வரிசையையே தலைகீழாக்கிக்கொண்டு உட்கார்ந்ததை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

அந்தக் கண்ணாடிப் படங்கள் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் பூனையும் குரங்கும் பெண்களும் முண்டியடித்துக்கொண்டு நிற்பார்கள், மூச்சு முட்டும். பொம்மைகள் அப்படியில்லை. ஒரு மரக்கட்டை, நாலு மணி, ஒரு வால். அவ்வளவில் அது முறைக்கும்.

எங்கள் சித்தப்பா இருந்திருந்தால் இவரையும் கடிந்துகொண்டிருப்பார். நான் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து வரைந்து, பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக்கொடுத்து, நடுவில் களிமண்ணையும் பிசைந்துகொண்டு திரிந்த காலத்தில் அவர் சொல்வார்: “தம்பி, எதனா ஒண்ணப் புடிச்சிக்கடா. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்.” பழமொழியைச் சொல்லிவிட்டால் எதிராளிக்குப் பேச இடமில்லை என்பது அவர் நம்பிக்கை. எனக்கும் அப்போது பதில் வரவில்லை. இப்போது தோன்றுவது இதுதான்: அந்தத் தச்சன் பல மரம் பார்த்ததில் என்ன தப்பு? கோடரியைத் தூக்காததுதான் தப்பு. சுப்பிரமணியன் கண்ட மரத்தையெல்லாம் வெட்டினார்.

தவிர, இது ஏதோ வெளிநாட்டுப் பழக்கமும் அல்ல. ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்பு எங்கள் பக்கத்து போர்டு ஆர்ட்டிஸ்டுகளை நினைத்துப் பாருங்கள். கடைக்குப் பெயர்ப்பலகை, தேர்தலுக்குச் சுவர் எழுத்து, நாடகத்துக்குத் திரைச்சீலை, ஐயனார் குதிரைக்கு வர்ணம், ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழா வந்தால் தேர் ஜோடனை. ஒரே கை எல்லாவற்றையும் செய்தது. அவர்களை யாரும் பல்துறைக் கலைஞர் என்று அழைக்கவில்லை, பெயிண்டர் என்றார்கள். வில்லியனூரில் சுடுமண் சிற்பம் செய்கிற முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகுதான், மண் பிசைகிறவரும் கலைஞர்தான் என்று எங்கள் ஊரில் பலர் ஒத்துக்கொண்டார்கள். கைவினை வேறு, கலை வேறு என்கிற அந்த வேலியைப் பிடுங்குவதிலேயே சுப்பிரமணியனின் எழுத்தில் பெரும்பகுதி போயிருக்கிறது.

இத்தனை வேலைக்கும் தூண்டுதல் எங்கிருந்து வந்தது? அவர் எப்போது எதைச் செய்தார் என்று அடுக்கிப் பார்த்தால், பெரும்பாலும் எதிரே யாரோ இருக்கிறார்கள். சந்தைக்கு வரும் குழந்தை, தறியில் உட்கார்ந்த நெசவாளி, வெறும் சுவரோடு நிற்கும் அரங்கம். 1971-இல் வங்கதேசப் போர்ச் செய்திகள் வந்தபோது, பதக்கம் குத்திய தளபதிகளையும் வெட்டுண்ட உடல்களையும் சுடுமண் பலகைகளில் செய்தார். பிசைந்தால் பிதுங்குகிற, கீறினால் காயப்படுகிற மண்தான் அதற்குச் சரி என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. எந்தத் துறையில் நிற்பது என்று நான் வருடக்கணக்கில் குழம்பியது தேவையற்றது என்று இப்போது நினைக்கிறேன். யாருக்காக என்று தெரிந்துவிட்டால் மண்ணா மையா என்பது தானாகவே முடிவாகிவிடுகிறது.

அவர் இதைக் கற்ற இடம் சாந்திநிகேதனாகத்தான் இருக்க வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவர், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். அரசுக் கல்லூரிகளின் கதவு மூடிக்கொள்ள, 1944-இல் அங்கே போய்ச் சேர்ந்தார். வீட்டு மணி அங்கே மணிதா ஆனார். ஆசிரியர்களில் ஒருவர் பினோத் பிஹாரி முகர்ஜி. சிறு வயதிலிருந்தே பார்வை குறைந்தவர். இந்தி பவனச் சுவரில் அவர் இடைக்காலத் துறவியரை வரைந்தபோது உதவிக்கு நின்ற மாணவர்களில் சுப்பிரமணியனும் ஒருவர். பத்தாண்டு கழித்து, 1957 வாக்கில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் முகர்ஜியின் பார்வை முழுக்கப் போய்விட்டது. அவர் காகிதத்தை வெட்டி ஒட்டினார், விரலால் தடவித் தடவிச் சிற்பம் செய்தார், 1972-இல் சாந்திநிகேதனின் கலைக் கல்லூரியான கலாபவனத்தின் சுவர் ஒன்றுக்கு ஓடுகளால் பெரிய சித்திரமும் செய்தார். தூரிகை மட்டும்தான் கலை என்று இருந்திருந்தால் அவர் கதை 1957-இல் முடிந்திருக்கும். அதே கலாபவனத்தில், தான் முன்பு வரைந்து மங்கிப்போன கறுப்பு வெள்ளைச் சுவரை 2009-இல் அந்த மாணவர் சுப்பிரமணியன் மீண்டும் வரைந்தார். அப்போது அவருக்கு 85 வயது.

ஆனால் சித்தப்பாவின் கவலை கலை பற்றியது அல்ல, அரிசி பற்றியது. மணிதாவுக்கு மாதச் சம்பளம் இருந்தது. 1951-லிருந்து பரோடா, 1980-க்குப் பிறகு சாந்திநிகேதன் என்று வாத்தியார் வேலை அவரைத் தாங்கியது. விற்காத பொம்மைக்காக அவர் வீட்டில் உலை கொதிக்காமல் இருந்திருக்காது. சம்பளம் இல்லாத பெயிண்டருக்கு ஃபிளெக்ஸ் வந்ததும் தூரிகையோடு பிழைப்பும் போனது. இதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. காலையில் காசு வருகிற வடிவமைப்பு வேலை, சாயங்காலம் மற்றவை என்று நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். சில மாதங்களில் சாயங்காலமே வருவதில்லை.

இந்த வருடத் திருவிழாத் தேருக்குக் காகிதத்தில் ஜோடனை செய்ய முடியுமா என்று தெருப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். முடியும் என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு ஆகும் என்கிறார்கள். அட்டையை வெட்டிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?