விடைகொடுப்பதும் அமானிதமே



சென்ற மாதம் ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் லாரி நின்றது. கட்டில், பீரோ, பாத்திர மூட்டைகள் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. அந்த வீட்டுக்காரர் வியாபாரத்தை முன்னிட்டுக் குடும்பத்தோடு சென்னை மண்ணடிக்குக் குடிபோகிறார். அவருடைய மகனும் நம் மகனும் முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. குர்ஆன் மதரஸாவிலும் ஒரே பாய். அஸருக்குப் பின் வேன் புறப்படும் என்றார்கள். வீட்டுக்கு வந்து, "வா, உன் கூட்டாளிக்கு ஸலாம் சொல்லிவிட்டு வருவோம்" என்றோம். பத்து வயதுப் பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நான் வரலே வாப்பா. போறவன் போகட்டும்" என்றான்.

அதட்டி எழுப்ப நமக்கு வாய் வரவில்லை. அந்தச் சுவரை நாமும் ஒரு காலத்தில் பார்த்துக்கொண்டு படுத்தவர்கள்தாம்.

2002-ம் ஆண்டு, நாம் எட்டாம் வகுப்பில் இருந்தபோது நம் உயிர்த்தோழர் ஒருவரின் குடும்பம் ஊரைவிட்டுப் போயிற்று. புறப்படுவதற்கு இரண்டு நாளைக்கு முன் கேரம் விளையாட்டில் ஒரு சில்லறைத் தகராறு. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வழியனுப்பப் போகாமல் மாடியில் ஒளிந்துகொண்டோம். உண்மையில் அது கோபமே அல்ல. அவர் போவதைத் தாங்க முடியவில்லை. அழுதால் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்களே என்ற வெட்கம் வேறு. அவருடைய ஜாமெட்ரி பெட்டி நம் பையிலேயே தங்கிவிட்டது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 2019-ல், ஒரு நிகாஹுக்காக அவர் ஊர் வந்தபோது அதைக் கையில் கொடுத்தோம். சிரித்தார். அந்தப் பெட்டி அவருக்கு நினைவே இல்லை. "நீ வருவாய் என்று வாப்பாவிடம் சொல்லி வேனைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்திருந்தேன்" என்று மட்டும் சொன்னார். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்தப் பத்து நிமிடத்தை எதைக் கொண்டு திருப்பிக் கொடுப்பது?

அரபி மொழியில் விடைபெறுதலுக்கு 'வதாஉ' என்று பெயர். ஹஜ்ஜத்துல் வதா என்று நாம் சொல்கிறோமே, அதே சொல்தான். ஒருவரிடம் பாதுகாப்பாக ஒப்படைத்து வைக்கும் பொருளுக்கு 'வதீஆ' என்று பெயர். இரண்டுக்கும் வேர் ஒன்றே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் போகிறவருக்குக் கற்றுத்தந்த விடையும் இந்த வேரிலிருந்தே பிறக்கிறது. போகிறவருடைய தீனையும், அவருடைய அமானிதத்தையும், அவருடைய அமல்களின் முடிவையும் அல்லாஹ்விடம் ஒப்படைப்பதாகச் சொல்வதே அந்த துஆ. இப்னு உமர் (ரலி) அவர்கள் பயணம் புறப்படுகிறவரை அருகே அழைத்து, நாயகம் (ஸல்) அவர்கள் எங்களை அனுப்பியது போல் உம்மை அனுப்புகிறேன் என்று கூறி இதை ஓதுவார்கள் எனத் திர்மிதி ஷரீபில் வருகிறது. ஆக, விடைகொடுப்பது என்றால் கைவிடுவது அல்ல. நாம் காக்க முடியாத ஒருவரைக் காக்க வல்லவனிடம் சேர்ப்பது.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரை அனுப்பும்போது அவருடைய கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவராக விடும்வரை விடமாட்டார்கள் என்றும் அந்தக் கிதாபிலேயே வந்துள்ளது. இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாமோ ஒரு கையால் முஸாபஹா செய்துகொண்டு மறு கையில் போனைப் பார்க்கிறோம்.

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது அவர் வாகனத்தில் இருக்க, நாயகம் (ஸல்) அவர்கள் பக்கத்தில் நடந்தே வந்தார்கள். இந்த ஆண்டுக்குப் பின் நீர் என்னைச் சந்திக்காமல் போகலாம் என்ற கருத்துப்பட அவர்கள் கூறியதும் முஆத் அவர்கள் அழுதார்கள். பிறகு மதீனாவின் பக்கம் முகம் திருப்பி, இறையச்சம் உடையவர்களே தமக்கு மிக நெருக்கமானவர்கள், அவர்கள் யாராயினும் எங்கிருப்பினும் சரி, என்று தெரிவித்தார்கள். இது முஸ்னத் அஹ்மதில் உள்ள செய்தி. முஆத் அவர்கள் திரும்பியபோது நாயகம் (ஸல்) அவர்கள் வபாத்தாகியிருந்தார்கள். ஆகவே தாய்மார்களே, "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று பிள்ளைகளின் வாயை அடைக்காதீர்கள். ஸஹாபிக்கு வந்த கண்ணீர் உங்கள் மகனுக்கும் வரட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சில வீடுகளில் ஊரைவிட்டுப் போவதை, கண் பட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் இரவோடு இரவாகப் புறப்படுகிறார்கள். புறப்பட்டவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் சகுனம் கெட்டது என்று முகம் சுளிக்கிறார்கள். சகுனத்துக்குத் தீனில் இடம் இல்லை. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகச் சென்று பிழை பொறுக்கக் கேட்கிறாரே, அது நல்ல வழக்கம். குடிபெயர்கிறவருக்கும் அது வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் வேண்டும். அவர்களுக்குள்ளும் ஹக்குகள் இருக்கின்றன.

நம் மகனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ஜாமெட்ரி பெட்டியின் கதையை மட்டும் சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு எழுந்து அலமாரிக்குள் கையை விட்டு ஒரு டென்னிஸ் பந்தை எடுத்தான். "இது அவனுது வாப்பா" என்றான்.

அஸர் தொழுதுவிட்டுப் போனோம். பந்தை நீட்டினான். அந்தப் பிள்ளை வாங்க மறுத்தது. இருவரும் பந்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். சற்றுப் பொறுக்கும்படி நாம் சைகை செய்தோம். துஆவை நாம் சொல்லிக்கொடுக்க, மகன் திக்கித் திக்கிச் சொன்னான். போகிறவர் இருப்பவர்களுக்குச் சொல்லும் பதில் துஆவை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தோம். தன்னிடம் ஒப்படைத்ததை வீணாக்காத அல்லாஹ்விடம் உங்களை ஒப்படைக்கிறேன் என்பது அதன் கருத்து. சந்திக்கும்போது சொல்லும் ஸலாமைப் போலவே பிரியும்போது சொல்லும் ஸலாமும் சுன்னத்தானது என்பதால் அதையும் சொல்ல வைத்தோம். பந்து கடைசியில் வேனுக்குள் போயிற்று.

திரும்பி வரும் வழியெல்லாம் அழுதான். நாம் தடுக்கவில்லை. மறைவில் இருக்கும் சகோதரனுக்காக துஆச் செய்தால், உனக்கும் அவ்வாறே கிடைக்கட்டும் என்று ஒரு மலக்கு ஆமீன் சொல்வதாக முஸ்லிம் ஷரீபில் உள்ளதை மட்டும் எடுத்துச் சொன்னோம். மஃரிப் தொழுதபின் வெகுநேரம் கையேந்தியிருந்தவன் நம் பக்கம் திரும்பி, "அவன் முழுப் பேரையும் சொல்லணுமா வாப்பா?" என்றான்.

"அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்றோம்.

"இருக்கட்டும், சொல்லிடுறேன்" என்று மீண்டும் கையை ஏந்தினான்.