ஆனைக்கோட்டை முத்திரை

1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது, பெருங்கற்காலப் புதைகுழியொன்றில் எலும்புக்கூட்டின் அருகே சிறு முத்திரையொன்று கிடைத்தது. மேலே குறியீடுகள்; கீழே பிராமியில் 'கோவேத' என்ற மூன்றெழுத்து. 'கோ' என்ற தமிழ்ச் சொல்லோடு சேர்த்து அதை வாசித்த ஆய்வாளர்கள் உண்டு.

இங்கே ஃபாரஸ்ட் கேட்டில், உணவகத்தின் பின்கட்டில் வெங்காயம் உரித்தபடி நண்பர் சொல்கிறார்: "அவன் தமிழன் எண்டால் மண் எங்கட."

வேறு பாஷை பேசியவன் எண்டால்? அம்மா பிறந்த வளவு எனக்கில்லாமற் போய்விடுமா? அகழ்வு வேண்டும், செத்தவனைச் சாட்சிக்கு இழுப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. 1990 அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். தலைமுறைகளாக வாழ்ந்த வளவு அவர்களுக்கும் இருந்தது. எந்த முத்திரை அவர்களைக் காப்பாற்றியிருக்கும்?