முதல் பனி விழுமுன்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிளாசா வைத்திருப்பவர்களே, பனி தள்ளும் ஒப்பந்தத்தை இந்த வாரமே கையில் எடுங்கள். நவம்பர் கடைசியில் தேடப் போனால் நல்ல ஆட்கள் அகப்பட மாட்டார்கள். அப்போது ஒருவர் வந்து அரைவிலைக்குச் செய்கிறேன் என்பார். அந்த அரைவிலைக்குத்தான் நான் அஞ்சுகிறேன்.

அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் காப்புறுதி இல்லாததிலிருந்து வருகிறது. அதிகாலை மூன்று மணிக்கு, மைனஸ் 18 பாகையில், உங்கள் வாசற்படியைச் சுரண்டும் மாணவப் பிள்ளையின் கையில் திணிக்கப்படும் குறைந்த காசிலிருந்து வருகிறது. அவனுக்கு நல்ல கையுறை உண்டா, விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

செலவைக் குறைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வாடகைக் கடைக்காரர்கள் வாடகையோடு மாதாமாதம் கட்டும் டி.எம்.ஐ.யில், அதாவது வரி, பராமரிப்பு, காப்புறுதிக் கட்டணத்தில், இந்தக் காசும் இருக்கிறது. அதை வீணாக்குவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். குறைக்க வேண்டிய இடம் உப்பு. மைனஸ் 1 பாகையில் ஒரு கிலோ உப்பு சுமார் 46 கிலோ பனிக்கட்டியை உருக்கும். மைனஸ் 7இல் அதே ஒரு கிலோ, ஒன்பது கிலோவைக்கூட உருக்காது. குளிர் இன்னும் இறங்கினால் நீங்கள் கொட்டுவது வெறும் வெள்ளைக் கல். பனி தரையைக் கவ்வுமுன்பே 23 விழுக்காட்டு உப்புநீரைத் தெளித்துவிட்டால் பிறகு தள்ளுவதும் எளிது, உப்பும் குறையும். கடுங்குளிருக்குக் கல்சியம் குளோரைட்டை, தேவையான இடத்தில் மட்டும் போடச் சொல்லுங்கள். கொட்டிய உப்பு எங்கும் மறைவதில்லை. ஹைலண்ட் ஓடையிலும் ரூஜ் ஆற்றிலும் இறங்கி ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. அந்த ஏரித் தண்ணீரைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் எத்தனை சென்ரிமீற்றர் விழுந்தால் லொறி வரும் என்பதும், உப்புக்குத் தனிக்கணக்கும் எழுத்தில் இருக்கட்டும். பருவம் முழுவதற்கும் ஒரே தொகை என்றால் வராமல் விடத் தோன்றும். ஒவ்வொரு வருகைக்கும் காசு என்றால் தேவையில்லாமல் வரத் தோன்றும். இரண்டையும் தடுப்பது நேரமும் வெப்பநிலையும் குறித்த நாட்குறிப்புத்தான்.

2021 ஜனவரி 29 முதல், தனியார் இடத்தில் பனியில் விழுந்து காயப்பட்டவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவின் சட்டம். அதை உங்களுக்குக் கிடைத்த விடுதலையாக எடுக்காதீர்கள். மருந்துக்கடைக்கு வரும் அம்மாவின் இடுப்பெலும்பு அறுபது நாளில் பொருந்திவிடாது. அவர் விழாமல் பார்க்கும் கடமை உங்களிடம்தான் இருக்கிறது.

இன்றைக்கே போய்க் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயைப் பாருங்கள். அது நடைபாதையில் கொட்டினால் இரவுக்கிரவு அங்கே கண்ணாடி போல் உறையும்; எத்தனை மூட்டை உப்பும் போதாது. குழாயைத் திருப்புங்கள். பனிக்குவியலை மேட்டில் ஏற்றாமல் வடிகாலை ஒட்டிய பள்ளத்தில் குவிக்கச் சொல்லுங்கள், பகலில் உருகும் நீர் திரும்பி வாசலுக்கு வராது. சக்கரநாற்காலி ஏறும் சரிவின் முன்னே ஒரு குவியலும் வேண்டாம்.