ஓட்டத் தெரிந்தது பாதி

பழைய செய்தித்தாளை முற்றத்தில் விரித்து அதன்மேல் சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளைக் கொட்டினேன். அம்மா திண்ணையிலிருந்து இறங்கி வந்து, பத்துப் பத்தாக எண்ணி அடுக்கினாள். "பின்னாடிக்கு நாப்பது, முன்னாடிக்கு முப்பத்திரண்டு. கணக்கு சரியா இருக்கு தாயி" என்று சொல்லிவிட்டு, தாளின் ஓரத்தில் பென்சிலால் 40, 32 என்று எழுதி வைத்தாள். அம்மாவுக்கு எண் எழுதக் கற்றுக்கொடுத்ததும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் ஒரே இயக்கம்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்து வைத்தார். பெண்கள் கூட்டம் கூட்டமாக ஓட்டப் பழகினார்கள். 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் வலம் வந்தார்கள். எனக்கு அப்போது வயது 14. அம்மா ஒரு பழைய ஆண்கள் சைக்கிளைத்தான் வாங்கினாள். குறுக்கே பார் இருந்தால் பிள்ளையை அதில் உட்கார வைக்கலாம், கேரியரில் சாமான் கட்டலாம் என்பது அவள் கணக்கு. ஊரில் நிறையப் பெண்களின் கணக்கும் அதுவாகவே இருந்தது.

அந்த சைக்கிள் எங்கள் வீட்டுக்கு என்னென்ன கொண்டுவந்தது என்பதைச் சொல்ல ஒரு கட்டுரை போதாது. ஆனால் இன்னொரு காட்சியும் என் மனசில் அழியாமல் இருக்கிறது. செயின் அறுந்துவிட்டாலோ, சக்கரம் வளைந்து பிரேக்கில் உரசினாலோ அம்மா அதைத் தள்ளிக்கொண்டே நடப்பாள். சைக்கிள் கடை வாசலில் ஆண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அம்மா சைக்கிளை நிறுத்திவிட்டுத் தள்ளிப்போய்ப் புளியமரத்தடியில் நிற்பாள். எப்போது முடியும் என்று கேட்கக்கூடத் தயங்குவாள். நான்கு மைல் தூரத்தைத் தன் காலால் கடக்கத் தெரிந்தவள், ஒரு மரை கழன்ற இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஓட்டத் தெரிந்தது பாதிதான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அங்கேதான்.

மூட்டுவலி வந்து அம்மா ஓட்டுவதை நிறுத்திய பிறகு, அந்த சைக்கிள் கொட்டகையில் ஆணியில் தொங்கியது. சக்கரங்கள் துருவேறி உதிர்ந்தன. ஃபிரேம் மட்டும் கல்லுப் போல இருந்தது. போன கோடை விடுமுறையில் அதை இறக்கினேன். கடையில் கொடுத்தால் இரண்டு நாளில் முடித்துத் தந்துவிடுவார்கள். ஆனால் முதல் மரையிலிருந்து கடைசிக் கம்பி வரை என் கையால் பூட்ட வேண்டும் என்று முடிவெடுத்தேன். 33 வருடத்துக்கு முன் பாதியில் நின்ற பாடத்தை முடிக்கிற ஆசை அது.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஃபிரேமைத் துடைப்பதில் ஒரு நாள் போனது. இரண்டாம் நாள், பழைய பெடல்களைக் கழற்றும்போது இடது பெடல் நகரவே இல்லை. பலம் கொடுக்கக் கொடுக்க இறுகியது. இடது பெடலுக்கு எதிர் மரை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. எல்லா மரையும் போலவே இதுவும் இருந்திருந்தால், மிதிக்க மிதிக்கத் தானாகவே கழன்று விழுந்துவிடும். அதைத் தடுக்கத்தான் யாரோ ஒருவர் திசையை மாற்றி யோசித்திருக்கிறார்.

இப்படி ஒவ்வொரு பாகமும், யாரோ பட்ட ஒரு சிரமத்துக்குக் கிடைத்த பதிலாக எனக்குத் தெரிய ஆரம்பித்தது. கம்பிகள் ஹப்பின் நடுவிலிருந்து சூரியக் கதிர் மாதிரி நேராகப் போகாமல், சாய்ந்து, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஏன் போகின்றன? நேராகக் கட்டினால், மிதிக்கும்போது ஹப் திருகும். அந்தத் திருகலை ரிம்முக்குக் கொண்டுபோகக் கம்பிக்குப் பிடி இருக்காது. சாய்த்துக் கட்டினால் ஒவ்வொரு மிதியையும் பாதிக் கம்பிகள் இழுத்துக்கொண்டு போகும். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் இப்படிச் சாய்த்துக் கட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் உருளை வைத்த செயினைச் செய்தார். டன்லப் பெல்ஃபாஸ்ட்டில் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த காற்றடைத்த டயருக்கு 1888இல் காப்புரிமை வாங்கினார். இவற்றைப் புத்தகத்தில் படித்தபோது பெயரும் ஆண்டுமாகத்தான் நினைவில் நின்றன. கம்பி கோத்த விரலுக்குத்தான் அவற்றின் காரணம் எட்டியது.

ஆகவே, "என் சைக்கிளை நானே செய்தேன்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ரிம்மும் ஹப்பும் லூதியானாவிலிருந்து வந்தவை. டயருக்கு ரப்பர் பால் எடுத்த கைகள் யாருடையவோ. நான் பூட்டினேன், அவ்வளவுதான். ஆனால் பூட்டும்போது அத்தனை பேருடைய யோசனையும் ஒரு தடவை என் தலை வழியாகப் போயிற்று. அந்த நிறைவு சாதாரணமானதில்லை.

சக்கரத்துக்குப் பெண்டு எடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். சைக்கிளைச் சீட்டின்மேல் கவிழ்த்துப்போட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினேன். ஆசிரியை வீட்டில் சாக்பீஸுக்கா பஞ்சம்? வளைந்த இடம் மட்டும் உரசி வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்து, அங்கே இருந்த கம்பியை முறுக்கினேன். கோடு போனது, அடுத்த சுற்றில் வேறொரு இடத்தில் விழுந்தது. அதை முறுக்கினால் இன்னோரிடம். மாலைக்குள் சக்கரம் முன்பைவிட மோசமாக ஆடியது.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்காரரிடம் போனேன். அம்மா நின்ற அதே கடை. இப்போது அன்றைய கடைக்காரரின் மகன் நடத்துகிறார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஒத்தக் கம்பியப் பாத்து முறுக்காதீங்க. இந்தப் பக்கம் கால் சுத்து இறுக்குனா அந்தப் பக்கம் கால் சுத்து தளத்துங்க. முறுக்குறதுக்கு முன்னாடி தட்டிக் கேளுங்க" என்றார். கேட்டேன். இறுகிய கம்பி கணீரென்றது. தளர்ந்தது மந்தமாக ஒலித்தது. ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதிக்கு வந்த பிறகுதான் சக்கரம் நேரானது. வளைவு தெரிந்தது ஓரிடத்தில். அதன் காரணம் நாலைந்து கம்பிகள் தள்ளி இருந்தது.

ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981இல் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் விளக்குவது இதுதான். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் பருமன் உள்ள கம்பியை நிற்க வைத்து மேலே பாரம் ஏற்றினால் வளைந்துவிடும். அதே கம்பியை முன்கூட்டியே இழுத்துக் கட்டிவிட்டால் பாரம் தாங்கும். நாம் ஏறி உட்காரும்போது, தரையை ஒட்டி வரும் கம்பிகளின் இழுவிசை கொஞ்சம் குறைகிறது. அப்படிக் குறைவதன் மூலம்தான் அவை நம்மைச் சுமக்கின்றன. மற்றவை தம் இழுப்பில் நின்று சக்கரத்தின் வட்டத்தைக் காக்கின்றன. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒவ்வொரு கம்பியின் முறையும் வந்து போகிறது. இதை அறிந்த நாளிலிருந்து குடும்பத்தையும் பள்ளிக்கூடத்தையும் நான் கொஞ்சம் வேறு கண்ணால் பார்க்கிறேன். இன்றைக்குத் தளர்ந்து நிற்கிறவர்தான் இன்றைய பாரத்தைச் சுமக்கிறவராக இருக்கலாம்.

ஹப்பில் கோன் வைப்பது பெண்டு எடுப்பதற்கு நேர்மாறான வேலை. அங்கே காது உதவாது, விரல்தான் பேச வேண்டும். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 பால்ரஸ் குண்டுகளைக் கிரீஸில் பதித்து, கோனைத் திருகி மூட வேண்டும். கொஞ்சம் அதிகமாக இறுகினால் அச்சைச் சுற்றும்போது மணலை அரைப்பது போல நெருநெருக்கும். கொஞ்சம் தளர்ந்தால் ரிம்மைப் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரியும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து லாக் நட்டை இறுக்கினால், இறுக்கிய வேகத்தில் அது மறுபடி மாறிவிடும். ஏழெட்டு முறை கழற்றிப் பூட்டினேன். கடைசியில் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபோது, அதன் கனமான பக்கம் தானாகவே மெல்லக் கீழே இறங்கி, இப்படியும் அப்படியும் ஊஞ்சலாடி நின்றது. சரி என்ற சொல்லுக்கு இவ்வளவு தெளிவான பொருளை என் தொழிலில் நான் அதிகம் பார்த்ததில்லை. வகுப்பில் ஒரு பாடம் நன்றாகப் போனதா என்பது பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். சில சமயம் தெரியாமலே போகும். இங்கே சக்கரம் உடனே சொல்லிவிடுகிறது.

அதே சமயம், எங்கே நிறுத்துவது என்பதையும் அது கற்றுத் தந்தது. ரிம்மில் அரை மில்லிமீட்டர் அசைவு மிச்சம் இருந்தது. அதையும் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து முறுக்கினேன். கம்பியை ரிம்மில் பூட்டும் நிப்பிளின் முனை மழுங்கியது. பிரேக் கட்டையில் உரசாத அசைவு ஓடுவதற்கு எந்தக் கெடுதலும் செய்யாது. அக்கறை எந்த இடத்தில் பிடிவாதமாக மாறுகிறது என்பதை அந்த மழுங்கிய முனை காட்டிக்கொடுத்தது. அடுத்த கம்பியைத் தொடாமல் சாவியைக் கீழே வைத்தேன்.

நம்மைச் சுற்றி இருக்கிற பொருள்களில் பெரும்பாலானவை மூடிக்கிடக்கின்றன. கைபேசி, குளிர்பதனப் பெட்டி, ஸ்கூட்டர் எல்லாவற்றையும் இயக்கத் தெரியும். நின்றுபோனால் யாரையாவது தேட வேண்டும். இதைக் குறையென்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் எல்லோரும் அறிய முடியாது. ஆனால் ஒரே ஒரு பொருளையாவது உள்ளும் புறமும் அறிந்திருந்தால் மனுஷிக்குக் காலூன்ற ஓர் இடம் கிடைக்கிறது. சைக்கிளில் மறைவு கிடையாது. எல்லா எலும்பும் வெளியே தெரிகிறது. ஓர் எளிய ஆள், சில ஸ்பேனர்களை வைத்துக்கொண்டு, முழுசாக அறியக்கூடிய எந்திரம் அது. என் பள்ளியில் படிக்கும் பெண்களின் சைக்கிள்கள், ஒரு பஞ்சருக்காகவும் ஆடுகிற கோனுக்காகவும் மாதக்கணக்கில் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா நின்ற புளியமரம் ஞாபகம் வருகிறது. இந்த வருடம் சனிக்கிழமைகளில் நாலைந்து பேருக்கு டியூப் கழற்றி ஒட்டச் சொல்லித் தருகிறேன்.

முந்தாநாள் பள்ளிக்குப் போகும்போது, கண்மாய்க் கரையில் ஒரு சத்தம் கேட்டது. 'டிக்.' முன்பு என்றால் அடிவயிற்றில் கலக்கம் வந்திருக்கும். இப்போது எண்ணிக்கொண்டே மிதித்தேன். மிதிக்கு ஒரு தடவை கேட்டால் காட்டர் பின்னோ பெடலோ. ஒரு மிதிக்கு இரண்டு தடவைக்கு மேல் கேட்டால் பின்சக்கரம். இது இரண்டரை மிதிக்கு ஒரு தடவை வந்தது. பெரிய பல்சக்கரத்தில் 44 பற்கள். செயினில் 110 கண்ணிகள். நான் எண்ணிப் பூட்டியவை. ஒரு கண்ணி கிளம்பிய இடத்துக்குத் திரும்ப இரண்டரை மிதி ஆகும். ஆகவே எங்கோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. இறங்கி, பெடலைக் கையால் பின்னோக்கிச் சுற்றிப் பார்த்தேன். பிரீவீலைத் தாண்டும்போது ஒரு கண்ணி மட்டும் நிமிராமல் துள்ளியது. இரண்டு கட்டைவிரலாலும் பக்கவாட்டில் அசைத்துவிட்டேன். சத்தம் நின்றது. மணியடிப்பதற்குள் வகுப்பில் இருந்தேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு விரலால் திண்ணையில் எழுதிக் கூட்டினாள். "ரெண்டு நாப்பத்திநாலு எம்பத்தெட்டு. மிச்சம் இருபத்திரண்டு. ஆமா, பாதி." கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் இந்தச் சத்தம் வரும் தாயி. அது என்னன்னு தெரியாம எத்தனையோ நாளு தள்ளிக்கிட்டே வந்திருக்கேன்" என்றாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முற்றத்தில் நின்ற சைக்கிளின் பக்கத்தில் வலிக்கிற முட்டியோடு மெல்ல உட்கார்ந்தாள். "எங்க, அந்தக் கண்ணியக் காட்டு" என்றாள்.